சிவகாமியக்கா கடையின் போணி

ஷட்டரை இடுப்பு உயரத்துக்கு மட்டும் தூக்கி, கீழே காலி எண்ணெய் டின்களை அடுக்கி முட்டுக் கொடுத்து நிறுத்திவிட்டு, சிவகாமியக்கா உள்ளே போய் முக்காலியில் உட்கார்ந்துகொள்கிறார். விளக்கு எரிகிறது. ரேடியோவில் பக்திப் பாட்டு. ஊதுவத்திப் புகை ஷட்டருக்கு அடியில் நுழைந்து ரோட்டுக்கு வருகிறது. ஆனாலும் கடை இன்னும் திறக்கவில்லை. முதல் வியாபாரம் நடந்து போணி ஆனால்தான் கடை திறந்ததாக அக்காவின் கணக்கு. அதுவரை யாராவது குனிந்து தலையை நீட்டி, "அக்கா, முட்டை இருக்கா?" என்று கேட்டால், "முட்ட இருக்கு, கடைதான் இன்னும் தொறக்கல" என்று பதில் வரும். "லைட்டு எரியுதே?" என்றால், "அது சாமிக்கு."

மலாக்கா காஜா பேராங் சாலையோரக் கடைவரிசையில் நடுக்கடை அது. கடைக்கு முன்னால் இருக்கும் அஞ்சடிப் பாதை முழுக்க வாழைத்தார், தேங்காய், சின்ன வெங்காய மூட்டை. உள்ளே ஒருவர் நடந்தால் இன்னொருவர் அலமாரியோடு ஒட்டிக்கொள்ள வேண்டும். லைசென்ஸில் சிவகாமசுந்தரி, ஊருக்குச் சிவகாமியக்கா. அறுபதை நெருங்கும் வயது, கணீரென்ற குரல், மூக்குக் கண்ணாடியைக் கயிறு கட்டிக் கழுத்தில் மாட்டியிருப்பார். அப்படி மாட்டிக்கொண்டே கடை முழுக்கத் தேடவும் செய்வார். "பசியாறியாச்சா?" என்று கேட்காமல் யாருக்கும் சாமான் எடுத்துக் கொடுப்பதில்லை. மரியாதைக்குக் கேட்கிறார் என்று நினைத்து 'இல்லை' என்று சொல்லிவிட்டால் தொலைந்தோம். ஒரு பிஸ்கட்டையாவது அவர் கண்ணெதிரே தின்றுவிட்டுத்தான் நகர முடியும்.

அவருக்கென்று சில சட்டங்கள் உண்டு. உப்புப் பொட்டலத்தைக் கைக்குக் கை கொடுக்க மாட்டார், மேசைமேல் வைத்து, "நீங்களே எடுத்துக்குங்க, எதுக்கு நமக்குள்ள சண்ட?" என்பார். வெள்ளிக்கிழமை விளக்கேற்றிய பிறகு கல்லாவிலிருந்து சில்லறை வெளியே வராது. மீதிக் காசுக்கு மிட்டாய்தான். இதனால் எங்கள் பக்கத்துப் பிள்ளைகள் வெள்ளிக்கிழமை சாயங்காலம் மட்டும் கடைக்குப் போக அடித்துக்கொள்வார்கள். "லெச்சுமிய வெளக்கு வச்ச பெறகு வாசலுக்குத் தள்ளுவாங்களா?" என்பார் அக்கா.

போணி மட்டும் எல்லாவற்றுக்கும் மேலான சட்டம். அது யார் கையாலும் ஆகிவிடக்கூடாது. பேரம் பேசுகிறவர் கை ஆகாது. நோட்டு மாற்ற வருகிறவர் கை ஆகவே ஆகாது. என் கையும் ஆகாது. ஒருநாள் வீட்டில் பால் தீர்ந்து, அவசரத்துக்கு ஒரு டின் வாங்கிப் போணி செய்துவிட்டேன். அன்று மத்தியானமே கடையின் ஐஸ்பெட்டி கெட்டு, உள்ளேயிருந்த ஐஸ்கிரீம் அத்தனையும் கஞ்சியாகிவிட்டது. அந்த ஐஸ்பெட்டி வாங்கும்போதே பழையது என்பது ஊருக்கே தெரியும். "ஒங்க மேல தப்பில்ல சார், ஒங்க கை அப்பிடி" என்று அக்கா எனக்கு ஆறுதல் சொன்னார். அன்றிலிருந்து காலையில் நான் அஞ்சடியில் வந்து நின்றால், ஷட்டருக்குக் கீழே தெரியும் செருப்பை வைத்தே என்னைக் கண்டுபிடித்து, "சார், செத்த நேரம் கழிச்சி வாங்க" என்று உள்ளேயிருந்து குரல் கொடுத்துவிடுவார்.

போணிக்கு உரிய கை ஒன்றே ஒன்றுதான். அது தம்பி மாமாவின் கை.

தம்பி என்பது அவருடைய உண்மையான பெயர். மலாக்கா செட்டிக்காரர். எந்தக் காலத்திலோ தமிழ்நாட்டிலிருந்து வியாபாரத்துக்கு வந்து இங்கேயே பெண் கட்டித் தங்கிவிட்டவர்களின் வழி. நாக்கிலிருந்து தமிழ் போய்விட்டது. மாரியம்மனும் பெயர்களும் போகவில்லை. கம்பம் என்று சொல்லும் அவர்கள் குடியிருப்பு கடையிலிருந்து நடக்கிற தூரம்தான். தன்னைவிட மூத்தவரைத் தம்பி என்று கூப்பிட அக்காவுக்கு வாய் வரவில்லை. கூடவே ஒரு மாமாவைச் சேர்த்துத் தம்பி மாமா ஆக்கிக்கொண்டார். மலாயாவுக்குச் சுதந்திரம் கிடைத்த வருஷத்தில் பிறந்தவர் அவர். "நாட்டுக்கும் எனக்கும் ஒரே வயசு, ஆனா எனக்குத்தான் முடி கொட்டிப்போச்சு" என்று மலாயில் சொல்லி அவரே முதலில் சிரிப்பார். நகராண்மைக் கழகத்தில் சாலையோர மரக்கன்று நடுகிற வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். ஆயர் குரோ போகும் வழியில் நாம் காரை ஒதுக்கி நிறுத்துகிற நிழலில் பாதி அவர் வைத்தது.

காலையில் வந்து ஷட்டரை விரல் முட்டியால் தட்டுவார். குனிந்து உள்ளே வந்து, "சிவா, ரோட்டி சத்து" என்பார். ஒரு ரொட்டி. அவ்வளவுதான் அன்றைய கொள்முதல். அவர் மலாயில் பேச, அக்கா தமிழில் பதில் சொல்ல, இரண்டு பேருக்கும் எல்லாம் புரிந்துவிடும். கசங்காத ஒரு நோட்டை எடுத்து நீட்டுவார். அக்கா அதை இரண்டு கையாலும் வாங்கி, தராசில் தொட்டு, கல்லாவில் தொட்டு, கண்ணில் ஒற்றிக்கொள்வார். பிறகு எண்ணெய் டின்கள் விலகும், ஷட்டர் கடகடவென்று மேலே போகும், காஜா பேராங்குக்குப் பொழுது விடியும். நானும் என் செருப்போடு உள்ளே நுழைவேன்.

இந்த ஏற்பாட்டுக்குள்தான் அந்தக் கருவி வந்து சேர்ந்தது. அக்காவின் மகள் கோகிலா ஆயர் குரோவில் ஓர் அலுவலகத்தில் வேலை பார்க்கிறாள். சனிக்கிழமைகளில் கடையில் உட்காருவாள். "பத்து பெரெண்டாம் பக்கத்துப் பேக்டரி பிள்ளைங்க சாமான் எல்லாம் எடுத்துட்டு, பாக்கெட்ட தடவிப் பாத்துட்டு, திரும்ப வச்சிட்டுப் போவுதுங்கம்மா. இப்ப யாரும்மா கையில காசு வச்சிருக்கா? நீயும் பாத்துக்கிட்டே இருக்க" என்று மாசக்கணக்கில் சொல்லிப் பார்த்தாள். "கைபடாத காசு ஒரு காசாடி? கைக்குக் கை மாறுனாத்தான் ஒட்டும்" என்று அக்கா பிடிவாதமாக இருந்தார். கடைசியில் கோகிலா வங்கிக்குத் தானே போய் எழுதிக் கொடுத்து, கருவியை வாங்கி வந்து மேசைமேல் வைத்துவிட்டாள்.

கையில் அடங்குகிற சின்னப் பெட்டி. வங்கி அட்டையை அதற்கு மேலே காட்டினால் 'டிங்' என்று ஒரு சத்தம், வியாபாரம் முடிந்தது. முதல் நாள் அக்கா அதற்குச் சந்தனம், குங்குமம் வைத்தார். திரையின்மேல் குங்குமம் பட்டு, எவ்வளவு என்றே தெரியாமல் ஒரு மலாய் ஆசிரியை தவித்துப்போனார். மறுநாள் மல்லிகைச் சரம் சுற்றினார். கோகிலா கத்தினாள். "புதுசா வீட்டுக்கு வந்ததுக்கு ஒரு பூகூட வைக்கக்கூடாதா?" என்று அக்காவும் கத்தினார். பிறகு தாயும் மகளும் ஓர் உடன்பாட்டுக்கு வந்தார்கள்: பொட்டு பெட்டியின் முதுகில்.

அதற்குப் பிறகு அக்காவைப் பிடிக்க முடியவில்லை. மதம் மாறியவர்களுக்கு வரும் வேகம் அவருக்கு வந்துவிட்டது. வருகிறவரிடமெல்லாம், "வேவா, ஸ்கேனா?" என்றார். அட்டையைக் காட்டுவது வேவ். மேசைமேல் ஒட்டியிருக்கும் கட்டம்போட்ட படத்தைக் கைப்பேசியால் பிடிப்பது ஸ்கேன். ரெண்டும் இல்லை, காசுதான் என்று நான் நோட்டை எடுத்தால் முகம் சுருங்கும். "காசா? நீங்கல்லாம் படிச்சவங்க சார்" என்பார். வெள்ளிக்கிழமைச் சிக்கலும் தீர்ந்தது. "பாருங்க, வெளக்கு வச்ச பெறகும் யாவாரம் ஓடுது, கல்லாவுலேருந்து ஒரு காசு வெளிய போவல. லெச்சுமி உள்ளயே உக்காந்திருக்கா." பிள்ளைகளுக்குத்தான் மிட்டாய் போயிற்று.

யார் எப்படி அட்டை காட்டுகிறார்கள் என்று பார்ப்பதில் அவருக்கு ஒரு தனி ரசனை வந்தது. பேக்டரிப் பிள்ளைகள் நடந்துகொண்டே காட்டிவிட்டுப் போகிறார்கள். மலாய் ஆசிரியை பிஸ்மில்லா சொல்லிவிட்டுக் காட்டுகிறார். எதிர்க்கடைச் சீனப் பெரியவர் கதவைத் தட்டுவதுபோல மூன்று முறை அடிக்கிறார், "அங்கிள், மெதுவா! உள்ள யாரும் தூங்கல" என்று அக்கா சொல்ல, அவர் புரியாமல் நான்காவது முறையும் அடிக்கிறார். புதுசாகக் கல்யாணமான ஒரு பெண் புருஷனின் அட்டையைக் கொண்டுவந்து, சத்தம் கேட்டதும் கையைச் சட்டென்று இழுத்துக்கொண்டாள். "பயப்படாத புள்ள, கடிக்காது. ஒம் புருசனுக்குத்தான் கடிக்கும்." கடையே சிரித்தது.

தம்பி மாமா மட்டும் நோட்டுதான். அக்காவும் அவரிடம் வேவா ஸ்கேனா என்று கேட்டதில்லை. ஆனால் ஒருநாள் காலையில் வாய் சும்மா இருக்கவில்லை. ரொட்டியை வாங்கிக்கொண்ட தம்பி மாமா பெட்டியைச் சுட்டிக்காட்டி, இது எப்படிப் போகிறது என்று கேட்டார். நான் அஞ்சடியில்தான் நின்றிருந்தேன். அக்கா பெருமை தாங்காமல் மலாயும் தமிழும் கலந்து சொன்னார்: "இனிமே யாரு கையும் தேவையில்ல மாமா. எல்லாத்தையும் இதுவே பாத்துக்கும்." தம்பி மாமா "பகுஸ் லா" என்று சிரித்தார். நல்லது என்று அர்த்தம். நோட்டைக் கொடுத்தார், குனிந்து வெளியே வந்தார், போனார்.

மறுநாள் அவர் வரவில்லை.

காய்ச்சலாக இருக்கும் என்றார் அக்கா. அதற்கு மறுநாள், மழையாக இருக்கும் என்றார், மழையே இல்லை. ஜாசினில் இருக்கும் மகள் வீட்டுக்குப் போயிருக்கிறார் என்று கம்பத்துப் பக்கமிருந்து யாரோ சொன்னார்கள். சொல்லாமல் போகிற ஆள் இல்லையே என்று அக்காவுக்கு மனசு அரிக்க ஆரம்பித்தது. ஷட்டர் நெடுநேரம் இடுப்பு உயரத்திலேயே நின்றது. வெயில் ஏறி, வாடிக்கைக்காரர்கள் முணுமுணுத்து, கடைசியில் யாராவது ஒருவர் கையால் போணி ஆகும். அன்று ஒரு முட்டை உடைந்தால் அந்தக் கைதான் காரணம். என் கை மட்டும்தான் கெட்டது என்றிருந்த நிலைமை மாறி, ஊரில் பாதிப்பேர் கை கெட்டுப்போனது.

ஒரு மாதத்துக்குப் பிறகு தம்பி மாமா திரும்பி வந்தார். ஆனால் கடைக்கு வரவில்லை. காலையில் ரோட்டின் எதிர்ப்பக்கமாக நடந்து போனார். கொஞ்சம் மெலிந்திருந்தார். வலது கை கால்சட்டைப் பைக்குள். நேரே பார்த்த பார்வை. அக்கா ஷட்டருக்குக் கீழே குனிந்து பார்த்துக்கொண்டே இருந்தார். மாமா இந்தப் பக்கம் திரும்பவில்லை. அதற்கு மறுநாளும் அப்படியே. "பாத்தீங்களா சார்? பைக்குள்ள கைய வுட்டுக்கிட்டு, யாரோ மாரி போறாரு. அன்னிக்கி நான் சொன்னது அவருக்குச் சுருக்குன்னு தச்சிருச்சி."

அன்று சாயங்காலமே பெட்டியை ஒரு துண்டில் சுற்றி அரிசி மூட்டைக்குப் பின்னால் போட்டுவிட்டார். கட்டம்போட்ட படத்தையும் சுரண்டி எடுத்துவிட்டார். பேக்டரிப் பிள்ளைகள் வந்தார்கள், பாக்கெட்டைத் தடவினார்கள், சாமானைத் திரும்ப வைத்துவிட்டுப் போனார்கள். கோகிலா அம்மாவோடு சண்டை போட்டாள். அம்மா எழுந்து போய், துண்டின்மேல் ஒரு சாக்கையும் போட்டு மூடினார்.  எனக்கு என்னவோபோல் ஆகிவிட்டது.

"பக்கத்துலதானே கம்பம்? ஒரு நடை போய்க் கேட்டுவிட வேண்டியதுதானே?" என்றேன். அக்கா என்னை நிமிர்ந்து பார்த்தார். பிறகு முக்காலியில் உட்கார்ந்துகொண்டு, வெங்காயத்தைத் தோல் நீக்கிக்கொண்டே சொன்னார்.

"எங்க வீட்டுக்காரரு போயி, காரியமெல்லாம் முடிஞ்சி, மொத மொத நான் தனியா கடைய தொறந்த அன்னிக்கி, சார். கோகிலா கைப்புள்ள. காலங்காத்தால பொட்டில்லாத மொகத்துல முழிச்சி, அந்தக் கையால சாமான் வாங்க யாருக்கு மனசு வரும்? எல்லாம் தெரிஞ்சவங்கதான். நேத்து வரைக்கும் வந்தவங்க. அந்தப் பக்கமாவே போனாங்க. ஒருத்தர் வாசல் வரைக்கும் வந்துட்டு, என்னப் பாத்துட்டு, எதயோ மறந்த மாரி திரும்பிட்டாரு. வெக்கமா போச்சி. ஷட்டர பாதிக்கு எறக்கிட்டு உள்ள உக்காந்து அழுதேன். அப்பதான் ஒரு தல உள்ள வந்துச்சி. ரோட்டி சத்துன்னுச்சி. அதுக்கு முன்ன அவர எனக்குத் தெரியாது. குடுத்தேன். காச என் கையில வச்சாரு. வச்சிட்டு வீட்டுக்குப் போவல, சார். அந்த அஞ்சடியில நின்னு, போறவங்க வர்றவங்க எல்லாரும் பாக்க, ரொட்டியப் பிச்சிப் பிச்சித் தின்னாரு. மறுநா காலையிலயும் வந்தாரு. அதுக்கு மறுநாளும் வந்தாரு. அப்பறந்தான் ஒவ்வொருத்தரா வர ஆரம்பிச்சாங்க."

வெங்காயம் முழுதும் உரிந்து போயிருந்தது. அக்கா உரித்துக்கொண்டே இருந்தார். "அந்தக் கையப் போயி தேவையில்லன்னு சொல்லிட்டேனே. எந்த மூஞ்சிய வச்சிக்கிட்டு அந்த வீட்டுக்குப் போவேன்?"

கைராசி, கைராசி என்று அவர் இத்தனை வருஷமாகச் சொன்னது எதை என்று எனக்கு விளங்கியது அப்போதுதான். ஐஸ்பெட்டி விஷயத்தில் அவர்மேல் எனக்கு இருந்த கோபமும் அத்தோடு தீர்ந்தது.

அந்த வெள்ளிக்கிழமை சாயங்காலம் கம்பத்து மாரியம்மன் கோயிலுக்குப் போனேன். சாமியும் கும்பிடலாம், ஆளையும் பார்க்கலாம் என்றுதான். தம்பி மாமா மனைவி பொன்னம்மாவோடு ஓரமாக நின்றிருந்தார். தீபாராதனை முடிந்து குருக்கள் திருநீறு கொண்டுவந்தார். எல்லாரும் கையை நீட்டினார்கள். தம்பி மாமா நீட்டவில்லை. பொன்னம்மா தன் கையில் வாங்கி, அவர் நெற்றியில் பூசிவிட்டார். சாமி முன்னாலும் அவர் வலது கை பைக்குள்ளேயே இருந்தது.

வெளியே வந்து மரத்தடியில் அவர் பக்கத்தில் உட்கார்ந்தேன். சுற்றிலும் யாரும் இல்லையென்று பார்த்துக்கொண்டு, இடது கையால் வலது கையைப் பைக்குள்ளிருந்து எடுத்து மடிமேல் வைத்தார். யாரோ கொடுத்து வைத்த சாமானைப்போல அது அப்படியே கிடந்தது. கடைசியாக ரொட்டி வாங்கிப்போன அன்றே குளிக்கும்போது விழுந்திருக்கிறார். பக்கவாதம். மகள் வீட்டில் ஒரு மாதம் இருந்ததில் கால் திரும்பிவிட்டது, கை திரும்பவில்லை. யாரிடமும் சொல்லக்கூடாது என்று வீட்டில் எல்லாரிடமும் சத்தியம் வாங்கியிருக்கிறார். "மாலு லா, சார்" என்றார். வெட்கமாக இருக்கிறதாம்.

சிவகாமி சொன்ன வார்த்தை மனசைக் காயப்படுத்தியதா என்று கேட்டேன். எந்த வார்த்தை என்று கேட்டார். நான் சொன்னேன். அவருக்கு அது ஞாபகமே இல்லை. பிறகு ஏன் கடைக்குப் போகவில்லை? என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தார், இதுகூடத் தெரியாதா என்பதுபோல. சாஸ் கொண்டுவந்து போடுகிற ஆள் ஒருமுறை மீதிக் காசை இடது கையால் நீட்டியபோது, நோட்டைத் திரும்பப் பைக்குள் வைத்து வலது கையால் எடுத்து நீட்டவைத்தவர் சிவகாமி. பக்கத்தில் நின்று பார்த்தவர் இவர். "அது வெறும் சாஸ்காரன் காசு. நான் கொடுப்பது அந்தப் பெண்ணுக்கு அன்றைக்கு முதல் காசு. அதை இடது கையால் கொடுக்கச் சொல்கிறாயா? கடை என்னத்துக்கு ஆகும்?" மலாயில் இதைச் சொல்லிவிட்டு, மடியில் கிடந்த கையை எடுத்துத் திரும்பப் பைக்குள் வைத்துக்கொண்டார். காலையில் எதிர்ப்பக்கம் நடப்பது ஷட்டர் தூக்கியிருக்கிறதா என்று பார்த்துவிட்டு வரத்தானாம். நேராகப் பார்த்தால் அவள் கூப்பிட்டுவிடுவாள். அதனால் கடைக்கண்ணால் பார்ப்பாராம்.

எனக்கு இரண்டு பேரையும் ஒரு அறையில் பூட்டி வைக்கலாம் போலிருந்தது. ஒருவர் தன் வாயால் மற்றவரை இழந்ததாக அழுகிறார். இன்னொருவர் தன் கையால் அக்காவுக்குக் கெடுதல் வந்துவிடும் என்று ஒதுங்கிப் போகிறார். இடையில் இருப்பது ஒரு ரோடு.

நேரே கடைக்குப் போய்ச் சொல்லிவிட்டேன். அக்கா முதலில் என்னைத் திட்டினார், ஏன் முன்னாடியே போய்ப் பார்க்கவில்லையென்று. பிறகு தம்பி மாமாவைத் திட்டினார். பிறகு முந்தானையால் மூக்கைத் துடைத்துக்கொண்டு தன்னைத்தானே திட்டிக்கொண்டார். "மனுசன் கை வெளங்காம கெடக்குறாரு, நான் இங்க கோவிச்சிக்கிட்டாருன்னு உக்காந்திருக்கேன்." எழுந்து போய் அரிசி மூட்டைக்குப் பின்னாலிருந்து துண்டை எடுத்துப் பிரித்தார். பெட்டியை ஊதி, புடவையில் துடைத்து, "இதுக்குக் கரண்ட்டு போடு" என்று வேலைவிட்டு வந்திருந்த கோகிலாவிடம் நீட்டினார்.

மறுநாள் காலையில் நான் சீக்கிரமே போய் அஞ்சடியில் நின்றேன். என் செருப்பை யாரும் விரட்டவில்லை. எதிர்ப்பக்கம் தம்பி மாமா வந்தார், அதே நேர்ப்பார்வையோடு. அவர் கடைக்கு நேரே வந்ததும் ஷட்டருக்கு அடியிலிருந்து சிவகாமியக்கா வெளியே வந்தார். கக்கத்தில் ஒரு ரொட்டி, வலது கையில் பெட்டி. இரண்டு பக்கமும் பார்க்காமல் ரோட்டில் இறங்கினார். ஒரு மோட்டார்காரன் பிரேக் போட்டு மலாயில் எதையோ கத்தினான். அக்கா காதில் விழவில்லை. நானும் பின்னால் ஓடினேன்.

தம்பி மாமாவுக்கு ஒதுங்க இடமில்லை. பின்னால் சாக்கடை, முன்னால் சிவகாமி.

"இன்னும் கடை தொறக்கல மாமா" என்றார் அக்கா. மூச்சு வாங்கியது. "நீங்க வந்தாத்தான்."

தம்பி மாமா பையிலிருந்த கையைப் பார்த்தார். தலையை ஆட்டினார். "தாங்ஙான் கிரி, சிவா" என்றார். இடது கைதான் இருக்கிறது.

"இது வெறும் பெட்டி மாமா. இதுக்குச் சோத்துக்கை எது, பீச்சாங்கை எதுன்னு என்னா தெரியும்? அட்டையக் காட்டுங்க, போதும்."

 அவர் இடது கையைச் சட்டைப் பைக்குக் கொண்டுபோய், வழுக்கி வழுக்கி, வங்கி அட்டையை எடுத்துவிட்டார். எடுத்த கை நெஞ்சுக்கு முன்னாலேயே நின்றுவிட்டது. நீளவில்லை. பெட்டியைப் பார்க்காமல் அக்காவின் முகத்தைப் பார்த்து, மலாயில் மெதுவாகச் சொன்னார்: "இதுக்குத் தெரியாது, சிவா. ஒனக்குத் தெரியுமே."

 சிவகாமியக்கா ரொட்டியைக் கக்கத்தில் இறுக்கிக்கொண்டார். வலது கையிலிருந்த பெட்டியை இடது கைக்கு மாற்றினார். வலது கையை முதுகுக்குப் பின்னால் கொண்டுபோய் வைத்துக்கொண்டு, இடது கையை அவர் பக்கம் நீட்டினார்.